ஜாமீன் கையெழுத்தும் பாட்னா சிறையும்: 1979ல் ஒரு போலீஸ்காரர் எழுதிய கட்டுரைகள்

வங்கியில் வேலை பார்ப்பவன் போலீஸ், கோர்ட், சிறை என்றெல்லாம் எழுத ஆரம்பித்தால் "உனக்கெதற்கு இந்த வேலை" என்று கேட்கத்தான் செய்வீர்கள். படித்ததோ பி.காம். சட்டம் என்று படித்தது மெர்க்கண்டைல் லா என்ற ஒரே பேப்பர். ஆனாலும் பீகாருக்கு மாற்றலாகி வந்த பிறகு இந்த ஊர் சிறைச்சாலைகளின் கதையைப் படிக்கப் படிக்க, இது சட்டக் கதை என்பதைவிட ஒரு கணக்குப் புத்தகத்தின் கதை என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுதவும் அதனால்தான் துணிந்தேன்.

பாட்னாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு புத்த ஸ்மிருதி பூங்கா தெரியாமல் இருக்காது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய ஸ்தூபியோடு இருக்குமே, அதுதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் புல்வெளியில் உட்காருவோம். 2010ல் தலாய் லாமா வந்து திறந்து வைத்தார். அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாங்கிபூர் மத்தியச் சிறை இருந்தது. இந்தப் பதிவு அந்தக் காலத்து பாட்னா சிறையையும் முசாபர்பூர் சிறையையும் பற்றியது.

உள்ளே போன போலீஸ்காரர்

1977ல் ஜனதா அரசு வந்ததும் நவம்பரில் தேசிய போலீஸ் கமிஷன் ஒன்றை அமைத்தார்கள். தலைவர் தரம்வீரா. உறுப்பினர் செயலராக இருந்தவர் சி.பி.ஐ. இயக்குநராக இருந்த சி.வி.நரசிம்மன். இன்னொரு உறுப்பினர் கே.எஃப்.ருஸ்தம்ஜி. இன்றைய கதாநாயகர் இவர்தான்.

ருஸ்தம்ஜி சாதாரண ஆள் இல்லை. நாக்பூர் பக்கத்தில் காம்ட்டியில் 1916ல் பிறந்த பார்சி. 1938ல், வெள்ளைக்காரன் காலத்திலேயே, போலீஸ் பணியில் சேர்ந்தவர். 1952லிருந்து ஆறு வருஷம் நேருவின் பாதுகாப்பு அதிகாரி. பிறகு மத்தியப் பிரதேச போலீஸ் தலைவர். சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளைக் கூட்டங்களை விரட்டிய காலம் அது. 1965ல் எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கியபோது அதன் முதல் தலைவர். 1991ல் பத்ம விபூஷண். 2003ல் காலமானார். சொல்ல வருவது இதுதான்: இவர் கொடி பிடித்துக்கொண்டு சிறை வாசலில் நின்றவர் இல்லை. பல வருஷம் காக்கிச் சட்டை போட்டு, ஆட்களைப் பிடித்து உள்ளே அனுப்பிய துறையின் உச்சியில் இருந்தவர்.

அந்த ருஸ்தம்ஜி கமிஷன் வேலையாக பீகார் சிறைகளைப் பார்க்கப் போனார். பார்த்ததை ஃபைலில் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அதைப் பத்திரிகையில் எழுதினார். 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் இந்தியன் எக்ஸ்பிரஸில் வந்தது. தண்டனை பெற்றவர்கள் இல்லை; விசாரணையே தொடங்காதவர்கள் வருஷக்கணக்காக உள்ளே கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

டெல்லியில் கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் அதைப் படித்தார். நைரோபியில் பிறந்து, பிரிட்டனில் கார்டிஃப் நகரில் சட்டம் படித்துவிட்டு வந்தவர். கணவர் நிர்மல் ஹிங்கோரானியும் வக்கீல்தான். சில நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அந்தக் கைதிகளை அவர் பார்த்ததில்லை, அவர்கள் யாரும் அவருக்கு வக்காலத்து எழுதிக் கொடுக்கவும் இல்லை. கையில் இருந்தது செய்தித்தாள் மட்டும். ஹுஸ்னாரா காத்தூன் என்ற பெண் கைதியின் பெயரில் வழக்கு அழைக்கப்பட்டது. பொதுநல வழக்கு என்று இன்று நாம் சகஜமாகச் சொல்கிறோமே, அந்த ஆற்றின் ஊற்றுக்கண்களில் முக்கியமானது இது.

கோர்ட்டில் வெளிவந்தது

நீதிபதி பி.என்.பகவதியின் அமர்வு பீகார் அரசிடம் பட்டியல் கேட்டது. யார் யார், எந்தக் குற்றம், எந்தத் தேதியிலிருந்து உள்ளே இருக்கிறார்கள்? பட்டியல் வந்தபோதுதான் கதை முழுசாகத் தெரிந்தது.

ராஞ்சி சிறையில் ஒருவர் (அப்போது ராஞ்சியும் பீகார்தான்) 1970 ஜூன் மாதத்திலிருந்து இருக்கிறார். ஆயுதச் சட்டத்தில் ஒரு வழக்கு. குற்றம் நிரூபணமானாலும் அதிகபட்ச தண்டனை இரண்டு வருஷம். அவர் இருந்தது எட்டரை வருஷத்துக்கும் மேல்! இன்னொருவர் 1968 நவம்பரிலிருந்து உள்ளே. அவர் வழக்கு 1972ல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது. 1979 வரை விசாரணை தொடங்கவில்லை.

இதைவிடக் கொடுமை, "பாதுகாப்புக் காவல்" என்ற பெயரில் சிறையில் இருந்த பெண்கள். அவர்கள் குற்றவாளிகள் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள்கூட இல்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள், அல்லது சாட்சி சொல்ல வேண்டியவர்கள். வழக்கு நடக்கும்போது சாட்சி கையில் வேண்டும் என்பதற்காக சாட்சியையே சிறையில் வைத்திருந்தார்கள். குற்றம் செய்தவன் ஜாமீனில் வெளியே, அடிபட்டவள் உள்ளே. நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து அவர்களை விடுவிக்கச் சொன்னது.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு அரசு சொன்ன பதில்களில் ஒன்று, நிபுணர் அறிக்கை வரவில்லை என்பது. வரவில்லை என்றால் கூடுதல் நிபுணர்களை நியமியுங்கள், கூடுதல் ஆய்வகம் கட்டுங்கள், அதற்காக ஒரு மனிதன் ஏன் உள்ளே கிடக்க வேண்டும் என்றது கோர்ட். பணமில்லை என்று சொல்லி ஒரு அரசு தன் குடிமகனின் உரிமையை மறுக்க முடியாது என்றும் சொன்னது.

1979 பிப்ரவரி 12, மார்ச் 9 என்று அடுத்தடுத்து உத்தரவுகள். விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. ஏழைக்கு இலவச வக்கீல் கொடுக்காமல் நடத்தும் விசாரணை நியாயமான விசாரணை ஆகாது. அதிகபட்ச தண்டனைக் காலத்தையும் தாண்டி உள்ளே இருப்பவர்களை உடனே விடு. இந்த வழக்கின் தொடர்ச்சியாக நாடு முழுக்க சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள்.

வவுச்சர் எல்லாம் சரி, டேலி ஆகவில்லை

இனி நான் கணக்குப்பிள்ளையாக யோசித்ததைச் சொல்கிறேன்.

வங்கியில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். சாயந்திரம் கேஷ் டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபாய் குறைந்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும். மற்ற கிளைகளோடு, மற்ற வங்கிகளோடு இருக்கும் கணக்குகளையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருப்போம். நம் புத்தகத்தில் ஒரு பதிவு இருந்து அவர்கள் புத்தகத்தில் இல்லையென்றால், அது நிலுவைப் பட்டியலில் ஏறும். நாளாக ஆக மேலிடத்திலிருந்து கேள்வி வரும்.

சிறையில் இருக்கும் மனிதனுக்கு இந்த நாட்டில் எத்தனை புத்தகங்கள் என்று பாருங்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஒன்று, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒன்று, அரசு வக்கீலிடம் ஒன்று, சிறையில் ஒன்று. நாலும் நாலு துறை. 1979 பீகாரில் இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் போட்டுப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

சிறை சூப்பிரண்டைக் கேட்டால், "என்னிடம் செல்லுபடியாகும் வாரண்ட் இருக்கிறது, நான் எப்படி விட முடியும்?" என்பார். சரிதான். மாஜிஸ்திரேட்டைக் கேட்டால், "காவல் நீட்டிப்புக்கு பேப்பர் வந்தது, கையெழுத்துப் போட்டேன். எதிர்த்து மனு ஒன்றும் வரவில்லையே?" என்பார். அதுவும் சரி. போலீஸைக் கேட்டால் நிபுணர் அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம் என்பார்கள். அரசு வக்கீல் சாட்சி வரவில்லை என்பார். ஒவ்வொரு வவுச்சரும் சரி. ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருக்கிறது. மொத்தக் கணக்கில் மட்டும் ஒரு மனிதனின் எட்டு வருஷம் காணாமல் போயிருக்கிறது.

சட்டம் இல்லாமல் போனதால் இது நடந்ததா என்றால், இல்லை. 1973ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கைதிக்கு ஜாமீன் கேட்கும் உரிமை அதிலேயே இருந்தது. முதலில் 60 நாள், 1978 திருத்தத்துக்குப் பிறகு பெரிய குற்றங்களுக்கு 90, மற்றவற்றுக்கு 60. (தொண்ணூறு நாள் தவணை வராவிட்டால் வாராக்கடன் என்று நாங்கள் எழுதுவது ஞாபகம் வருகிறதா? எங்கள் கணினி அதைத் தானாகவே குறித்துவிடும்.) ஆனால் கைதி விஷயத்தில் "உனக்கு நாள் முடிந்துவிட்டது, நீ கேட்கலாம்" என்று அவனிடம் யார் சொல்வது? எழுதப் படிக்கத் தெரியாதவன், வக்கீல் இல்லாதவன் தானாகக் கேட்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. அவன் கேட்கவில்லை. அதனால் கிடைக்கவில்லை.

ஜாமீன் என்ற சொல்

நம் தமிழில் ஒரு வேடிக்கை. கடனுக்குக் கையெழுத்துப் போடுவதும் ஜாமீன்தான், சிறையிலிருந்து வெளியே எடுப்பதும் ஜாமீன்தான். இங்கே இந்தியிலும் ஜமானத் என்றால் இரண்டுக்கும் ஆகும். இது வெறும் சொல் ஒற்றுமை இல்லை. கோர்ட் கைதியைப் பார்ப்பதும், அந்தக் காலத்து வங்கி மேனேஜர் கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதும் ஒரே பார்வை. "உன்னிடம் என்ன சொத்து இருக்கிறது? உனக்காக யார் சொத்து காட்டுவார்?"

சொத்து உள்ளவன் ஓடிப் போக மாட்டான், இல்லாதவன் ஓடிவிடுவான் என்பது இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. எங்கள் தொழிலில் இந்த நம்பிக்கை எப்போதோ அடிபட்டுப் போயிற்று. 1992ல் நபார்டு ஆரம்பித்து வைத்த சுய உதவிக் குழு இணைப்புத் திட்டத்தில் அடமானமே கிடையாது. பத்துப் பதினைந்து பெண்கள் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், அதுதான் ஈடு. அந்தப் பெண்கள் தவணை கட்டும் ஒழுங்கையும், பெரிய ஈடு காட்டிப் பெரிய கடன் வாங்கி வெளிநாட்டுக்குப் பறந்த கனவான்களையும் நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நீதிபதி பகவதி 1979லேயே இதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார். நியூயார்க்கில் 1961ல் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தை எடுத்துக்காட்டினார். கைதியிடம் பணம் கேட்பதற்குப் பதிலாக, எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாய், குடும்பம் எங்கே, வேலை என்ன, இதற்கு முன் வழக்கு உண்டா என்று கேட்டுப் பார்ப்பது. வேர் இருக்கிறவன் ஓடமாட்டான் என்பது கணக்கு. அப்படிப்பட்டவரைச் சொந்த ஜாமீனில், தன் கையெழுத்தின் பேரில் மட்டுமே விடலாம். காசு ஜாமீன் முறை புரோக்கர்களையும் தொழில்முறை ஜாமீன்தாரர்களையும்தான் வளர்க்கிறது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஒரே ஆள் இருபது பேருக்கு ஜாமீன் போட்டால் எங்கள் ஆடிட்டர் எங்களைச் சும்மா விடுவாரா?

"தமிழன் என்ன செய்வான்?"

இதற்கு முந்தைய வருஷம் இன்னொரு தீர்ப்பு. வெளியூரில் இருக்கும் நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. 1978 ஆகஸ்ட், மோத்திராம் வழக்கு, மத்தியப் பிரதேசம்.

மோத்திராம் ஒரு ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றம் அவரை ஜாமீனில் விடச் சொல்லியாயிற்று. தொகையை மாஜிஸ்திரேட் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். 1978ல் பத்தாயிரம்! சரி, அண்ணன் தம்பி சொத்துக் காட்டுகிறேன் என்று வந்தால், அது வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும் கொத்தனார் உள்ளேயே.

விசாரித்தவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர். இவரும் உள்ளே இருந்து பார்த்தவர்தான், இரண்டு அர்த்தத்திலும். தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948ல் ஒரு மாதம் சிறையில் போட்டார்கள். 1957ல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறைத்துறை எல்லாம் இவர் கையில். பிறகு நீதிபதி. சிறையை இத்தனை பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நீதிபதிகளில் அபூர்வம்.

அந்தத் தீர்ப்பில் அவர் ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ பஹல்காமிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் என்ன செய்வார்? அவ்வளவு தூரத்தில் அவருக்கு நிலம் வைத்திருக்கும் ஜாமீன்தாரர் எங்கிருந்து வருவார்? ஜாமீன்தாரர் இந்த மாவட்டத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? மோத்திராமை ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொல்லி உத்தரவிட்டார்.

தீர்ப்பு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இருந்தாலும் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர், கோர்ட் பெயரெல்லாம் வேண்டாம். நம் திருச்செங்கோடு பக்கத்து போர்வெல் வண்டிகள் இந்தப் பக்கமெல்லாம் வரும், தெரியுமல்லவா? அப்படி வந்த ஒரு ரிக் வண்டியில் வேலை பார்த்த பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். கூலித் தகராறில் கைகலப்பு, கைது. ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும், நில வரி ரசீதோடு. தமிழ்க் குடும்பங்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசினோம். எல்லோரும் நல்ல உத்தியோகம், நல்ல சம்பளம். ஒருத்தருக்கும் இந்த மாவட்டத்தில் ஒரு செண்ட் நிலம் கிடையாது. சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போனால், "சாஹிப், நீங்கள் நாளைக்கே மாற்றலாகிப் போய்விடுவீர்கள்" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. தினமும் லட்சக்கணக்கில் கடனுக்கு ஒப்புதல் கொடுக்கிறவனின் கையெழுத்து ஒரு கூலிப் பையனை வெளியே எடுக்க உதவவில்லை. கடைசியில் எங்கள் கிளைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவரும் அவர் மைத்துனரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். "பரதேசிப் பையன், அவன் அம்மா அங்கே அழுதுகொண்டிருப்பாள்" என்றார் பெரியவர். ஜாமீன் உத்தரவு வந்த பிறகு பையன் உள்ளே இருந்தது இருபத்து மூன்று நாள். அவனுடைய அம்மா திருச்செங்கோட்டிலிருந்து தினமும் ராத்திரி எங்கள் வீட்டுக்குப் போன் பண்ணுவார். "இன்னைக்காச்சும் விட்டாங்களா அண்ணே?" என்று என் மனைவியிடம் எனக்குச் சொல்லச் சொல்வார்.

கிருஷ்ணய்யர் கேட்ட கேள்வி புத்தகத்தில் இருக்கிறது. கவுண்டரில் இருப்பது வேறு.

நம்ம துறையும் சும்மா இல்லை

போலீஸையும் கோர்ட்டையும் மட்டும் சொன்னால் நியாயமாகாது. 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு. எதிர்த்தரப்பு பாங்க் ஆஃப் கொச்சின் என்ற வங்கி. கடனைத் திருப்பித் தராதவர்களைச் சிவில் சிறையில் போட வேண்டும் என்பது விவகாரம். அதே கிருஷ்ணய்யர்தான் சொன்னார்: கையில் பணம் இருந்தும் ஏமாற்றுகிறவன் வேறு, இல்லாமல் கொடுக்க முடியாதவன் வேறு. ஏழ்மை குற்றமில்லை, அதற்காக ஒருவனைச் சிறையில் போட முடியாது. அப்புறம் 1989 ஏப்ரலில் செக் திரும்பி வருவது கிரிமினல் குற்றமாயிற்று. கிரிமினல் கோர்ட்டுகளில் மலை மாதிரி குவிந்திருக்கும் வழக்குகளில் ஒரு பெரும் பங்கு எங்கள் துறை அனுப்பி வைத்தது. அந்த நெரிசலில் போர்வெல் பையனின் வழக்கும் வரிசையில் நிற்கிறது.

இன்னொன்று. எங்கள் கிளை ஒன்றில் கொள்ளை நடந்தால், "இன்னும் யாரையும் கைது செய்யவில்லையா?" என்று முதலில் கேட்பது நாங்கள்தான். அந்தக் கேள்விக்குப் பயந்து போலீஸ் யாரையாவது உள்ளே தூக்கிப் போடுகிறது. ருஸ்தம்ஜி இருந்த போலீஸ் கமிஷனின் மூன்றாவது அறிக்கை இதைக் கணக்காகவே எழுதியது. கைதுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை. சிறைச் செலவில் 43.2 சதவீதம் இப்படிப்பட்டவர்களுக்கே போகிறது. எழுதியவர்கள் போலீஸ் துறையை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். 1994ல் ஜோகிந்தர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த எண்களை எடுத்துக்காட்டி, கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்ய அவசியம் இருப்பது வேறு என்றது.

அந்தக் கமிஷன் 1981க்குள் எட்டு அறிக்கைகள் கொடுத்தது. அலமாரிக்குப் போயின. 1996ல் உத்தரப் பிரதேச முன்னாள் போலீஸ் தலைவர் பிரகாஷ் சிங் அவற்றை நிறைவேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனார். பத்து வருஷம் கழித்து 2006 செப்டம்பரில் ஏழு கட்டளைகளோடு தீர்ப்பு வந்தது. முழு மனதோடு அவற்றை நடைமுறைப்படுத்திய மாநிலம் என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம்.

விடுதலையான பிறகும் உள்ளே

பீகார் கதை 1979 உத்தரவோடு முடியவில்லை. முசாபர்பூரில் ருதுல் ஷா என்பவரை செஷன்ஸ் கோர்ட் 1968 ஜூனில் நிரபராதி என்று விடுதலை செய்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபரில்! பதினாலு வருஷம். விசாரணைக் கைதிகூட இல்லை, விடுதலை செய்யப்பட்டவர். அரசு அவருக்கு மனநிலை சரியில்லை என்று காரணம் சொல்லிப் பார்த்தது, கோர்ட் ஏற்கவில்லை. 1983ல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அடிப்படை உரிமை பறிக்கப்பட்டதற்கு அரசே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்ற வழி அங்கேதான் திறந்தது. பதினாலு வருஷத்தால் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு 2,500 ரூபாய்.

இதுவும் அதே கதைதான். கோர்ட் புத்தகத்தில் வரவு வைத்தாயிற்று. சிறைப் புத்தகத்தில் பற்று எழுதவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

இன்று

1975 ஜனவரி 1 அன்று நாட்டின் சிறைகளில் 2,20,146 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 1,26,772. அதாவது 57.6 சதவீதம். இதை அவமானம் என்று அன்றைக்குச் சொன்னார்கள். 2022 கடைசியில் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302. சதவீதம் 75.8. ஹுஸ்னாரா தீர்ப்புக்குப் பிறகு விகிதம் ஏறித்தான் இருக்கிறது.

ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1987ன் இலவசச் சட்ட உதவிச் சட்டம் 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2006ல் 436ஏ என்ற பிரிவு வந்தது. அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்பு, ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கட்டும் என்றது. அதே வருஷம் மத்திய அரசு, ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டத்தைக் கொண்டு வந்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 479வது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலம் போதும் என்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. இந்த இரண்டாவது நிபந்தனையில் நிறையப் பேர் விழுந்துவிடுவார்கள் என்பது என் கவலை. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் அனுப்ப வேண்டியது சிறை சூப்பிரண்டின் கடமை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். கைதி கேட்க வேண்டாம். புத்தகம் வைத்திருப்பவர்தான் தேதி பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு டேலி பார்க்க ஒரு ஆளுக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு நாலு வரி. நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். நம் வீட்டு டிரைவர், கட்டட வேலைக்கு வந்த ஊர்க்காரர், ஹாஸ்டல் பிள்ளை, யாருக்கும் வரலாம்.

1. கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை தயவு இல்லை, உரிமை.

2. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்ட உதவி ஆணையத்தைக் கேளுங்கள். தொலைபேசி 15100. பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

3. ஜாமீன்தாரர் இதே மாவட்டத்துக்காரராக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், வக்கீலிடம் மோத்திராம் வழக்கு, 1978 என்று சொல்லுங்கள்.

4. கைதான தேதியை ஒரு காகிதத்தில் எழுதி, 60வது நாளையும் 90வது நாளையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். குற்றப்பத்திரிகை வந்ததா என்று அன்றைக்கே வக்கீலைக் கேளுங்கள். வேறு யாரும் அந்தத் தேதியை உங்களுக்காக நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

5. உங்களுக்கு அந்த ஊரில் சொந்த வீடோ நிலமோ இருந்து, நம்மவரோ வேற்று மொழிக்காரரோ ஒரு ஏழைக்கு ஜாமீன் கையெழுத்து தேவைப்பட்டால், ஆளை விசாரித்துவிட்டுப் போடுங்கள். பொறுப்பு உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த டீக்கடைப் பெரியவருக்கும் அது தெரியும்.